ரைன் ஆற்றின் வழியே மேற்கு ஐரோப்பா

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு மாணவி கேட்ட கேள்வி இது. மேற்கு ஐரோப்பா ஏன் இவ்வளவு வளமாக இருக்கிறது? நாடு நாடாக நிலத்தோற்றம், காலநிலை, கனிமம், தொழில் என்று மனப்பாடம் செய்தும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்கிறார். எல்லாம் காலனி நாடுகளில் அடித்த கொள்ளைதான் என்று நண்பர்கள் சொல்கிறார்களாம், அது சரியா என்று கேட்கிறார். கடைசியாக, இந்த வளம் இனியும் நிற்குமா என்கிறார்.

முதலில் நாடு நாடாகப் படிப்பதை விடுங்கள். இந்தப் பகுதியின் அரசியல் எல்லைகள் பலமுறை மாறியவை. நிலமும் ஆறும் அந்த எல்லைகளைப் பார்த்து அமையவில்லை. வரைபடத்தில் ரைன் ஆற்றைக் கண்டுபிடித்து, மலையிலிருந்து கடல் வரை அதன் கூடவே வாருங்கள். பாடத்தில் தனித்தனியாகக் கிடக்கும் பெரும்பாலான விஷயங்கள் அந்த வழியில் தாமாகவே வரிசைக்கு வந்துவிடும்.

சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலையில் 2,345 மீட்டர் உயரத்தில் உள்ள தோமா ஏரியிலிருந்து கணக்கு வைத்தால், ரைன் சுமார் 1,230 கி.மீ. ஓடி நெதர்லாந்தில் வட கடலைச் சேர்கிறது. உலக ஆறுகளோடு ஒப்பிட்டால் நீளம் குறைவுதான். ஆனால் அதன் வடிநிலம் ஒன்பது நாடுகளில் பரவியிருக்கிறது. சுமார் 6 கோடிப் பேர் அதில் வாழ்கிறார்கள். சூரிச், பாசல், ஸ்ட்ராஸ்பர்க், ஸ்டுட்கார்ட், மான்ஹைம், பிராங்பர்ட், கொலோன், ரூர் தொழில் பகுதி, ரோட்டர்டாம் எல்லாம் இந்த ஆற்றின் கரையிலோ துணையாறுகளின் கரையிலோதான் இருக்கின்றன. ஐரோப்பாவின் உள்நாட்டு நீர்வழிச் சரக்கில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்த ஒரே ஆற்றில் போகிறது.

என் பதிலின் சாரத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இயற்கை இந்தப் பகுதிக்கு நல்ல தொடக்கத்தைக் கொடுத்தது, சந்தேகமில்லை. ஆனால் நாம் இன்று இயற்கை அமைப்பு என்று படிக்கும் பலவும் மனிதர்கள் வெட்டி, நேராக்கி, கரை கட்டி, தண்ணீர் இறைத்து வைத்திருப்பவை. அந்த வேலை இன்னும் முடியவில்லை. அதற்கான செலவு ஒவ்வோர் ஆண்டும் வந்துகொண்டே இருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால்தான் உங்கள் கடைசிக் கேள்விக்கும் பதில் கிடைக்கும்.

இயற்கை கொடுத்ததில் முக்கியமானது ஆற்றின் நீரோட்டம். கப்பல் விடுவதற்கு ஓர் ஆற்றில் நிறையத் தண்ணீர் ஓடினால் மட்டும் போதாது, ஆண்டு முழுக்க ஓரளவு சீராக ஓட வேண்டும். ரைனுக்கு அது இரண்டு வழிகளில் அமைந்தது. ஆல்ப்ஸில் குளிர்காலத்தில் விழும் பனி வசந்தத்தின் பிற்பகுதியிலும் கோடையிலும் உருகி வருவதால் மேல்பகுதியில் ஜூன் வாக்கில் தண்ணீர் அதிகம். நடுப்பகுதியில் வந்து சேரும் நெக்கார், மைன், மோசல் ஆறுகள் மழையை நம்பியவை. அட்லாண்டிக்கிலிருந்து மேற்குக் காற்று கொண்டுவரும் மழையால் அவை குளிர்காலத்தில் பெருகும். ஒன்று குறையும் நேரத்தில் மற்றொன்று கைகொடுக்கிறது. நடுவில் 536 சதுர கி.மீ. பரப்புள்ள கான்ஸ்டன்ஸ் ஏரி வெள்ளத்தை வாங்கி மெதுவாக விடுகிறது. நெதர்லாந்து எல்லையில் சராசரியாக வினாடிக்கு 2,200 கன மீட்டர் அளவுக்கு நீர் போகிறது.

காலநிலையைப் பற்றிப் பாடத்தில் நிறைய இருக்கும். வட அட்லாண்டிக் வெப்ப நீரோட்டத்தாலும் மேற்குக் காற்றாலும் 51 டிகிரி வட அட்சத்தில் இருக்கும் கொலோனில்கூடக் குளிர்காலம் மிதமாகத்தான் இருக்கும், ரோட்டர்டாம் துறைமுகம் உறைவதில்லை. இது போதும், மேலே போகலாம்.

பாசலில் ஆறு வடக்கே திரும்புகிறது. அங்கிருந்து பிராங்பர்ட் பக்கம் வரை சுமார் 300 கி.மீ. நீளம், 30 முதல் 40 கி.மீ. அகலத்துக்கு ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு. மேற்கே பிரான்சின் வோஸ்ஜ் மலை, கிழக்கே ஜெர்மனியின் கருங்காட்டு மலை, நடுவில் புவி ஓடு கீழிறங்கி வண்டல் நிரம்பிய சமவெளி. வெயில் கிடைக்கும் சரிவுகளில் திராட்சை, கீழே வளமான வயல், தெற்கு வடக்காக ஒரு இயற்கைப் பாதை. ஆனால் 1800 வாக்கில் இங்கே இருந்த ஆற்றை நீங்கள் பார்த்திருந்தால் இன்றைய ரைன் என்று நம்ப மாட்டீர்கள். நூற்றுக்கணக்கான தீவுகளும் திட்டுகளுமாக, வளைந்து நெளிந்து, வெள்ளத்துக்கு வெள்ளம் இடம் மாறிக்கொண்டிருந்த ஆறு அது. கிராமங்களை அடித்துக்கொண்டு போகும். சதுப்பில் மலேரியா இருந்தது.

இன்றைய ஜெர்மனியின் தென்மேற்கில் இருந்த பாடன் நாட்டுப் பொறியாளர் யோஹான் காட்ஃபிரீட் துல்லா 1817-இல் அந்த ஆற்றை நேராக்கும் வேலையைத் தொடங்கினார். வளைவுகளின் கழுத்தை வெட்டி, ஒரே வாய்க்காலில் ஆற்றை அடக்குவது அவர் திட்டம். அவர் 1828-இல் இறந்துவிட்டார். வேலை 1876-இல்தான் முடிந்தது. பாசலுக்கும் பிங்கனுக்கும் இடையில் ஆற்றின் நீளம் 81 கி.மீ. குறைந்தது. சதுப்பு விளைநிலம் ஆயிற்று, மலேரியாவும் போயிற்று. அப்புறம்தான் பின்விளைவு தெரிந்தது. நேராக்கிய ஆறு வேகமாக ஓடி, தன் அடியைத் தானே அரித்துச் சில இடங்களில் பல மீட்டர் கீழே இறங்கியது. நிலத்தடி நீரும் கூடவே இறங்கியது. பிற்காலத்தில் பாசலுக்குக் கீழே பிரான்ஸ் பக்கம் கால்வாயும் நீர்மின் நிலையங்களும் கட்டினார்கள். அந்த வரிசையில் கடைசித் தடுப்பணை இஃபெட்ஸ்ஹைமில் 1977-இல் வந்தது. அணை வந்ததும் மேலிருந்து வரும் சரளைக்கல் நின்றுவிட்டது. அணைக்குக் கீழே அரிப்பு தொடங்கியது. அதனால் 1978 முதல் அங்கே படகில் சரளைக்கல்லைக் கொண்டுவந்து ஆற்றுக்குள் கொட்டுகிறார்கள். ஆண்டுக்கு லட்சக்கணக்கான டன். ஆறு இயல்பாகச் சுமந்து வந்திருக்க வேண்டிய கல்லை இப்போது அரசு செலவு செய்து போடுகிறது. இந்த ஒரு விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மேற்கு ஐரோப்பாவின் புவியியலை இதைவிட நன்றாக விளக்கும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஆற்றின் இந்தப் பகுதியில்தான் வேதித் தொழில் வேர்விட்டது. பாசலில் பட்டு நாடா நெசவு இருந்தது. நெசவுக்குச் சாயம் வேண்டியிருந்தது. சாயத்திலிருந்து மருந்துக்குப் போனார்கள். இன்றைய நோவார்ட்டிஸ் நிறுவனம் அந்த வழியில் வந்தது. கீழே மான்ஹைமுக்கு எதிர்க்கரையில் லூட்விக்ஸ்ஹாஃபனில் 1865-இல் தொடங்கிய பிஏஎஸ்எஃப் நிறுவனமும் முதலில் சாயத் தொழிற்சாலைதான். வேதித் தொழிலுக்கு மூலப்பொருள் வர, சரக்குப் போக, இயந்திரம் குளிர, ஏன், கழிவு விடக்கூட ஆறு தேவைப்பட்டது. 1897-இல் அந்த நிறுவனம் செயற்கை நீலச் சாயத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது அடி விழுந்தது நம் பக்கம். பீகாரிலும் மதராஸ் மாகாணத்தின் கடப்பை, தென்னாற்காடு வட்டாரங்களிலும் விளைந்த அவுரிக்கு இருந்த வெளிநாட்டுச் சந்தை கொஞ்ச காலத்தில் சரிந்துபோனது. ரைன் கரையில் ஒரு தொழிற்சாலை எழும்பியதற்கும் தென்னாற்காட்டில் அவுரி வயல் குறைந்ததற்கும் உள்ள தொடர்பை நம் பாடப்புத்தகங்கள் ஒரே பக்கத்தில் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

கழிவு விட்ட கதையையும் சொல்ல வேண்டும். 1986 நவம்பர் 1 அன்று பாசலுக்கு அருகே சாண்டோஸ் வேதி நிறுவனத்தின் கிடங்கு தீப்பிடித்தது. தீயணைக்கப் பீய்ச்சிய தண்ணீரோடு பூச்சிமருந்துகள் ஆற்றில் கலந்து, நீர் சிவந்து, பல நூறு கி.மீ. தூரத்துக்கு விலாங்கு மீன்கள் செத்து மிதந்தன. அதற்குப் பிறகுதான் ஆற்றோர நாடுகள் தூய்மைப் பணியில் தீவிரமாக இறங்கின. சால்மன் மீனைத் திரும்பக் கொண்டுவருவதையே இலக்காக வைத்து வேலை செய்தன. இன்று சுமார் 3 கோடிப் பேருக்கு ரைன் நீர்தான் குடிநீருக்கு ஆதாரம்.

பிங்கனில் சமவெளி முடிகிறது. ஆறு ஸ்லேட் பாறை மலைக்குள் நுழைந்து ஒடுங்கிய பள்ளத்தாக்கில் பான் நகரை நோக்கிப் போகிறது. மலை மெல்ல உயர்ந்தது, ஆறும் விடாமல் அறுத்துக்கொண்டே இருந்தது. கோட்டைகளும் திராட்சைத் தோட்டமுமாக இருக்கும் இந்தப் பள்ளத்தாக்கின் மேற்பாதிக்கு 2002-இல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது. நான் இங்கே கௌப் என்ற ஒரு சிற்றூரில் மட்டும் நிற்கிறேன்.

கௌப் முன்னால் ஆற்றின் நடுவில் ஒரு பாறைத் திட்டு. அதன்மேல் 1327 வாக்கில் கட்டிய சுங்கக் கோட்டை. சங்கிலி கட்டிப் படகை நிறுத்திச் சுங்கம் வாங்கியிருக்கிறார்கள். இப்படி இந்த ஆற்றில் டஜன் கணக்கில் சுங்கச் சாவடிகள் இருந்தன. ஒவ்வொரு குறுநில மன்னனும் பிஷப்பும் தன் எல்லையில் கை நீட்டினால் சரக்கின் விலை என்ன ஆகும்? இயற்கை கொடுத்த அருமையான நீர்வழி பல நூற்றாண்டுகள் இப்படி முடங்கிக் கிடந்தது. 1815-இல் வியன்னா மாநாட்டில் ரைன் போக்குவரத்துக்கென ஓர் ஆணையம் அமைக்க ஒப்புக்கொண்டார்கள். 1868-இல் மான்ஹைம் உடன்படிக்கை சுங்கமில்லாத, எல்லா நாட்டுக் கப்பலுக்கும் திறந்த ஆறு என்று உறுதி செய்தது. கௌப் கோட்டையில் சுங்கம் நின்றதும் 1860களில்தான். அந்த ஆணையம் இன்றும் ஸ்ட்ராஸ்பர்கில் இயங்குகிறது. நாடுகள் கூடி ஏற்படுத்திய அமைப்புகளில் உலகிலேயே மிகப் பழமையானது அதுதான். ரூர் ஆலைகள் பெருகியதும் ரோட்டர்டாம் வளர்ந்ததும் இந்த உடன்படிக்கையின் காலத்தில்தான் என்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

அதே கௌப் இன்று வேறு காரணத்துக்குச் செய்தியில் வருகிறது. ஆற்றின் அடியில் மலைப்பாறை இருப்பதால் மத்திய ரைனிலேயே ஆழம் குறைந்த இடம் அது. ஒரு கப்பல் எவ்வளவு சரக்கு ஏற்றலாம் என்பதைக் கௌப்பில் இருக்கும் நீர்மட்ட அளவுகோல்தான் முடிவு செய்கிறது. 2018 அக்டோபரில் அது 25 செ.மீ. காட்டியது. பயந்துவிட வேண்டாம், அளவுகோலின் பூஜ்யம் ஆற்றின் அடி கிடையாது. கப்பல் வழியில் அதைவிட ஒரு மீட்டருக்குச் சற்று மேல் நீர் இருக்கும். இருந்தாலும் 2,500 டன் ஏற்றும் கப்பல் அதில் சிறு பகுதியைத்தான் ஏற்றிப் போக முடிந்தது. ஒரு கப்பல் சரக்கை லாரியில் அனுப்ப நூறு லாரி வேண்டும். அத்தனை லாரியும் ஓட்டுநரும் எங்கே கிடைப்பார்கள்? லூட்விக்ஸ்ஹாஃபன் ஆலையில் உற்பத்தியைக் குறைத்தார்கள். அந்த ஆண்டு தாழ்ந்த நீரால் மட்டும் சுமார் 25 கோடி யூரோ இழப்பு என்று பிஏஎஸ்எஃப் அறிவித்தது. ஜெர்மனியின் தெற்கிலும் மேற்கிலும் சில பெட்ரோல் நிலையங்கள் வறண்டன. 2022 ஆகஸ்டில் மறுபடியும் ஏறக்குறைய அதே நிலை.

பான் தாண்டியதும் நிலம் விரிகிறது. கொலோன் சமவெளியில் பனியுகத்தில் காற்று கொண்டுவந்து படியவைத்த லோயஸ் மண், ஐரோப்பாவின் நல்ல விளைநிலங்களில் ஒன்று. அதற்கடியில் பழுப்பு நிலக்கரி. ஹாம்பாக் சுரங்கத்தில் தோண்டிய குழி சுமார் 400 மீட்டர் ஆழம். கிராமங்களையே பெயர்த்துவிட்டுத் தோண்டினார்கள். இந்த வட்டாரத்தில் 2030-க்குள் நிலக்கரி மின்சாரத்தை நிறுத்துவதாக முடிவாகியிருக்கிறது.

அடுத்து ரூர். இங்கே நிலக்கரி அடுக்குகள் தெற்கே தரைமட்டத்தில் தொடங்கி வடக்கே போகப் போக ஆழத்துக்கு இறங்குகின்றன. சுரங்கங்களும் அதே வழியில் நகர்ந்தன. முதலில் ரூர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் சின்னக் குழிகள், பிறகு எஸன், பிறகு எம்ஷர் ஆறு, கடைசியில் லிப்பே ஆறு. இந்த ஒரு சரிவைப் புரிந்துகொண்டால் ஊர்கள் ஏன் அந்த வரிசையில் வளர்ந்தன என்பது விளங்கிவிடும். இரும்புத் தாது வெளியிலிருந்து வர வேண்டும். அதை ரைன் கொண்டுவந்தது. இன்றும் ரோட்டர்டாமிலிருந்து டூயிஸ்பர்குக்கு 6 தட்டைப் படகுகளைச் சேர்த்துக் கட்டித் தள்ளிக்கொண்டு போகும் தொடர் ஒன்று, சுமார் 16,000 டன் தாதுவை ஒரே தடவையில் கொண்டுபோகும். டூயிஸ்பர்க் உலகின் மிகப் பெரிய உள்நாட்டுத் துறைமுகம் என்று பெயர் பெற்றது இதனால்தான்.

1950களின் நடுவில் ரூர் சுரங்கங்களில் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் வேலை செய்தார்கள். 1958-இல் நெருக்கடி தொடங்கியது. எண்ணெயும் வெளிநாட்டு நிலக்கரியும் மலிவு. அறுபது ஆண்டு மானியம் கொடுத்து மெதுவாக மூடினார்கள். கடைசிச் சுரங்கம் போட்ரோப்பில் 2018 டிசம்பர் 21 அன்று மூடப்பட்டது. இந்த மெதுவான மூடலைச் சிலர் வீண்செலவு என்பார்கள். பிரிட்டனில் 1980களில் ஒரேயடியாக மூடிய சுரங்க ஊர்கள் பட்ட பாட்டைப் பார்த்தால், எனக்கு ரூர் வழியே நியாயமாகப் படுகிறது. தொழில் செழித்த காலத்தில், 1960கள் வரை, அங்கே ஒரு பல்கலைக்கழகம்கூடக் கிடையாது. 1965-இல் போகுமில் திறந்ததிலிருந்து பல வந்துவிட்டன. துருக்கியோடு 1961-இல் செய்த ஒப்பந்தத்தில் வந்த தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அந்த ஊர்க்காரர்கள்.

சுரங்கம் மூடினாலும் செலவு மூடவில்லை. கீழே நிலக்கரியை எடுக்க எடுக்க மேலே தரை அமிழ்ந்தது, சில இடங்களில் 20 மீட்டருக்கும் மேல். அமிழ்ந்த தரையில் பூமிக்கடியில் சாக்கடைக் குழாய் போட முடியாது, உடைந்துவிடும். அதனால் எம்ஷர் ஆற்றையே நூறு ஆண்டுகளுக்கு மேல் திறந்த சாக்கடையாக வைத்திருந்தார்கள். அதை மீட்க 1992 முதல் முப்பது ஆண்டு வேலையும் சுமார் 550 கோடி யூரோவும் ஆயின. அமிழ்ந்த ஊர்களில் பம்ப் ஓடாவிட்டால் தண்ணீர் தேங்கி ஏரியாகிவிடும். சுரங்கத்தில் ஊறும் நீர் மேலேறிக் குடிநீரில் கலக்காமலும் இறைக்க வேண்டும். இதற்கு முடிவுத் தேதி கிடையாது. ஜெர்மன்காரர்கள் இவற்றை ‘நித்தியக் கடமைகள்’ என்றே அழைக்கிறார்கள். 2007-இல் இதற்கென ஓர் அறக்கட்டளை அமைத்தார்கள். 2019 முதல் அதன் முதலீட்டு வருமானத்தில், ஆண்டுக்கு 20 கோடி யூரோவுக்கு மேல் இதற்குப் போகிறது.

இந்த நிலக்கரியும் பக்கத்தில் பிரான்சின் லொரேன் வட்டார இரும்புத் தாதும் மாறி மாறிப் போருக்குக் காரணமாயின. அதனால்தான் 1950 மே 9 அன்று பிரான்சின் வெளியுறவு அமைச்சர் ஷூமான் முன்வைத்த திட்டம் நேராக இவற்றின்மேல் கைவைத்தது. 1951-இல் ஆறு நாடுகள் நிலக்கரி, எஃகு இரண்டையும் பொது நிர்வாகத்துக்குக் கொண்டுவந்தன. ஐரோப்பிய ஒன்றியம் வளர்ந்தது இதிலிருந்துதான்.

லோபித்தில் ஆறு நெதர்லாந்துக்குள் வந்து வால், கீழ் ரைன், ஐசெல் என்று பிரிகிறது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நீர் வால் ஆற்றில் போகிறது. அந்தப் பங்கீடும் 1700களில் கால்வாய் வெட்டி அமைத்ததுதான். நாட்டின் கால் பங்கு நிலம் கடல்மட்டத்துக்குக் கீழே. கழிமுகத்தில் மணல் சேர்ந்து ரோட்டர்டாமுக்குக் கப்பல் வர முடியாமல் போனபோது, மணல்மேட்டை வெட்டிப் புது வாய் திறந்தார்கள், 1872-இல். இன்று துறைமுகம் ஊரிலிருந்து கடல் வரை 40 கி.மீ. நீள்கிறது, கடைசிப் பகுதி கடலுக்குள் மண் கொட்டி உருவாக்கிய நிலம். 1953 பிப்ரவரி 1 அன்று கடல் பொங்கி 1,836 பேர் இறந்த பிறகு கட்டிய டெல்டா அணைகளில் கடைசிப் பெரிய தடுப்பு 1997-இல் இந்தப் புது வாயில்தான் வந்தது. வழக்கமாகத் திறந்திருக்கும், புயலில் மட்டும் மூடும். துறைமுகத்தை நிறுத்தாமல் நகரைக் காக்க அப்படி அமைத்தார்கள்.

இனி காலனிக் கேள்வி. நெதர்லாந்தைப் பொறுத்தவரை நண்பர்கள் சொல்வதில் உண்மை நிறைய உண்டு. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் யாழ்ப்பாணத்திலும் கோட்டை கட்டிய டச்சுக்காரர்கள் துணியும் மிளகும் ஏலமும் கறுவாவும் விற்றுச் சேர்த்த பணம் ஆம்ஸ்டர்டாம் வீடுகளில் இன்னும் தெரிகிறது. 1830 முதல் ஜாவா விவசாயிகளைக் கட்டாயப்படுத்திச் சர்க்கரையும் காப்பியும் விளைவித்த வருமானம் டச்சு அரசின் கடனை அடைத்தது, ரயில் பாதை போட்டது. ஆனால் சுவிட்சர்லாந்துக்குக் காலனி கிடையாது. ஜெர்மனி காலனி பிடிக்கத் தொடங்கியது 1884-இல். ரூரும் லூட்விக்ஸ்ஹாஃபனும் அதற்கு முன்பே எழுந்துவிட்டன. அவர்களும் காலனிச் சந்தையில் விற்று, காலனிச் சரக்கை வாங்கி லாபம் பார்த்தார்கள் என்பது வேறு. அதனால் தேர்வில் எழுதும்போது காலனியை விட்டுவிடவும் கூடாது, அதை மட்டும் எழுதவும் கூடாது; எந்த இடத்துக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள்.

இந்த வளம் நிற்குமா? ஆபத்துகள் மூன்று கண்ணுக்குத் தெரிகின்றன. ஆல்ப்ஸில் பனி குறைகிறது. கோடையில் ஆற்றைத் தாங்கிய நீர் குறையும், கௌப் அளவுகோல் இன்னும் அடிக்கடி இறங்கும். குழாயில் வந்த மலிவான ரஷ்ய எரிவாயு 2022-இல் நின்றது. அடுத்த ஆண்டே லூட்விக்ஸ்ஹாஃபனில் ஓர் அமோனியா ஆலையை மூட முடிவு செய்தார்கள், அதே சமயம் பிஏஎஸ்எஃப் சீனாவில் பெரிய ஆலை கட்டிக்கொண்டிருந்தது. நெதர்லாந்தில் கால்நடைக் கழிவின் நைட்ரஜன் தாங்க முடியாத அளவுக்குப் போய், 2019-இல் உயர் நிர்வாக நீதிமன்றத் தீர்ப்பால் கட்டுமானத் திட்டங்கள் ஆயிரக்கணக்கில் நின்றன. விவசாயிகள் டிராக்டரோடு தெருவுக்கு வந்தார்கள்.

எனக்கு நம்பிக்கை தருவது, இவர்களுக்குத் திருத்தியதைத் திரும்பத் திருத்தும் பழக்கம் இருப்பது. 1995 வெள்ளத்தில் இரண்டரை லட்சம் பேரை வெளியேற்ற வேண்டி வந்தபோது, டச்சுக்காரர்கள் கரையை மட்டும் உயர்த்திக்கொண்டே போகவில்லை. பல இடங்களில் கரையைப் பின்னால் நகர்த்தி ஆற்றுக்கு நிலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். நைமேகன் நகரில் வால் ஆற்றுக்குப் பக்கக் கால்வாயே வெட்டினார்கள், அதற்காக ஐம்பது வீடுகளை இடித்து. கௌப் பக்கம் கப்பல் வழியின் ஆழத்தை 1.90 மீட்டரிலிருந்து 2.10 மீட்டராக்கும் திட்டம் இருக்கிறது. வெறும் 20 செ.மீ., ஆனால் ஒவ்வொரு கப்பலிலும் கூடுதலாகச் சில நூறு டன் ஏறும். 2023 முதல் ஆழம் குறைந்த நீரிலும் ஓடும் அகலமான கப்பலை இறக்கியிருக்கிறார்கள். ஆனால் ஆற்றை ஆழமாக்கினால் அரிப்பு கூடுமா என்ற பழைய கேள்வி இங்கேயும் வரும்; துல்லா காலத்தைப் போல விளைவை நூறு ஆண்டு கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று இப்போது யாரும் விட்டுவிட முடியாது. அந்தத் திட்டம் மெதுவாக நகர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.